முப்பத்தைந்து நிமிடச் சாலை

டப்ளின்
4 பிப்ரவரி 1988

என் அன்பு டிம்னா,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பனியில் சைக்கிள் மிதிக்காதே என்றால் கேட்கிற ஆளா நீ!

பிரிஜித் திருநாளுக்கு நீ கோரைப்புல்லில் முடைந்து அனுப்பிய சிலுவை வந்து சேர்ந்தது. அமைச்சர் அறையில் கதவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். அரசாங்கச் சுவரில் ஆணி அடிக்க அனுமதி வாங்க வேண்டும் என்றான் என் தனிச் செயலர் டெக்லன். செருப்பைக் கழற்றி நானே அடித்துவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை கேள்வி நேரத்தில் எதிர்க்கட்சி வரிசையிலிருந்து கார்மக் லாவல் எழுந்தான். பல உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் நம் தொகுதியிலேயே என்னோடு சேர்ந்து வென்றவன், ஆனால் கடற்கரைப் பக்கத்து ஆள். அவன் கேட்டது இது: "கில்வார்னா பிரசவ வார்டை மார்ச் 31-ஓட மூடப்போறீங்க. டூமன் ரயில்வே கேட் சாத்தியிருக்கும்போது ஒரு பொம்பளைக்கு வலி வந்தா, தண்டவாளத்துல படுத்துக்கச் சொல்றாங்களா அமைச்சர்?"

நான் சொன்னேன்: "கில்வார்னாவிலருந்து மாவட்ட மருத்துவமனைக்கு முப்பத்தஞ்சு நிமிஷம். உறுப்பினருக்கு அதுக்கு மேல ஆகுதுன்னா, வழியில எத்தனை மதுக்கடையில நிறுத்துறாருன்னு அவர்தான் சொல்லணும்." அவை சிரித்தது. அவன் முகம் சிவந்து உட்கார்ந்தான்.

ஆனால் டிம்னா, லாவல் தன் வாழ்நாளில் டூமன் கேட்டைக் கடந்திருக்க மாட்டான். அந்தக் கேள்வியில் உன் கை இருக்கிறது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நாளிலிருந்து உன் கோபத்தை நான் அறிவேன். இல்லை என்று ஒரு வரி எழுது, நம்பிவிடுகிறேன்.

மாறாத அன்புடன்,
ஃபிடெல்மா

*

கில்வார்னா
8 பிப்ரவரி

ஃபிடெல்மா,

முழங்கால் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது.

ஆமாம், நான்தான் எழுதினேன். லாவல் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். "ரொம்பக் காரமா இருக்கே நர்சம்மா" என்று தயங்கினான். "காரம் என் பொறுப்பு, வாசிக்கிறது உங்க பொறுப்பு" என்றேன். ஆறு தேர்தலில் மழையில் நின்று உனக்குச் சுவரொட்டி ஒட்டிய கை இது என்பதையும் அவனிடமே சொன்னேன். அந்தக் கைக்குக் கேட்கிற உரிமை உண்டு.

பதினோரு கட்டில்கள் உள்ள வார்டு நம்முடையது. நீ பிறந்ததும் அங்கேதான். இருபத்தாறு வருடமாக அதில் பிறக்கிற பிள்ளைகளை நான்தான் கையில் வாங்குகிறேன். மூட வேண்டும் என்று உனக்குச் சொன்ன மருத்துவர்கள் பெரிய மனிதர்களாகவே இருக்கட்டும். முப்பத்தைந்து நிமிடம் என்று சொன்ன மேதாவி யார்? அந்த எண்ணை நம்பித்தானே எல்லாரும் தலையாட்டினார்கள்?

ஜனவரி 22, வெள்ளி. ரோர்ட்டி வீட்டு அசம்ப்டாவுக்குச் சிக்கலாகி, ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு நானும் போனேன். டிரைவர் மலாக்கி. பாலத்தில் மாட்டுச் சந்தை வண்டிகள். அதைத் தாண்டினால் டூமன் கேட் சாத்தியிருக்கிறது.

"ஜோசி! கேட்டைத் தொறம்மா!" என்று மலாக்கி கத்துகிறான்.

"ரயில் வருதுய்யா!"

"எங்க வருது? புகையைக்கூடக் காணோமே!"

"சாத்துனா தொறக்கக் கூடாதுய்யா, சட்டம்!"

உள்ளே அசம்ப்டா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நர்சம்மா, இங்கயே பெத்துடுவேன் போலிருக்கே" என்கிறாள். "பெத்துடாதடி, ரயில்காரன் குழந்தைக்கும் டிக்கெட் கேப்பான்" என்றேன். அந்த நிலையிலும் சிரித்தாள். போய்ச் சேர அறுபத்தெட்டு நிமிடம். பிள்ளை நீலமாக வந்தது, அழுவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. தாயும் மகளும் பிழைத்தார்கள். அடுத்தவளும் பிழைப்பாள் என்று எழுதிக் கொடுப்பாயா?

கேள்வி இன்னும் வரும்.

டிம்னா

*

டப்ளின்
12 பிப்ரவரி

டிம்னா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் கோபம்தான் வந்தது.

அசம்ப்டாவுக்காக வருந்துகிறேன். ஆனால் சந்தை நாளில் நடந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு துறையை நடத்த முடியாது. அந்த மேதாவி யார் என்று கேட்டாயே? நான்தான். அதிகாரிகள் வரைபடத்தைப் பார்த்து ஐம்பது நிமிடம் என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். "நான் பிறந்து வளர்ந்த சாலை, எனக்கே பாடம் நடத்துறீங்களா?" என்று அடித்துத் திருத்தினேன். சனிக்கிழமைதோறும் கில்வார்னாவில் மக்கள் குறை கேட்டுவிட்டு, அதே சாலையில்தான் மாவட்டத் தலைநகருக்குப் போகிறேன். கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள். லாவல் எத்தனை கேள்வி போட்டாலும் சரி, கேள்விகளின் வரிசையைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்கிறார்கள். எங்கள் ஆட்கள் ஆளுக்கு இரண்டு கேள்வி போட்டுவைத்தால் குலுக்கலில் அவனுடையது எங்கோ பின்னால் போய் விழும். ஒரு மணி நேரம் முடிந்தால் மணி அடித்துவிடும். இது என் களம்.

ஊரில் முதல் பெண் அமைச்சர் என்று என்னைத் தோளில் தூக்கிச் சுற்றினீர்கள். இப்போது காலை வாருகிறீர்கள். மற்றவர்கள் செய்தால் அரசியல் என்று விட்டுவிடுவேன். நீ செய்வது வலிக்கிறது.

ஃபிடெல்மா

*

கில்வார்னா
15 பிப்ரவரி

ஃபிடெல்மா,

கடிகாரத்தைப் பார்த்தாய், சரி. காரை ஓட்டியது யார்?

உன் அரசாங்கக் காரை போலீஸ்காரர் ஹெஷன் ஓட்டுகிறார். நீ பின்சீட்டில் கோப்பு படிக்கிறாய், பாதி நாள் தூங்குகிறாய். கண்ணாடிக்கு வெளியே என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன், கேள்.

நீ கிளம்பும்போது ஹெஷன் டூமன் கேட்டுக்குப் போன் போடுகிறார். வழக்கமாக ரயிலுக்குப் பதினைந்து நிமிடம் முன்பே சாத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிற ஜோசி, அன்றைக்கு மட்டும் கேட்டோடு நின்று உன் கார் போன பிறகுதான் சாத்துகிறாள். பால் லாரிக்காரன் உன் கறுப்புக் காரைக் கண்ணாடியில் பார்த்ததும் வேலியோரம் ஒதுங்குகிறான். பாலத்துக்கு அந்தப் பக்கம் டிராக்டர்காரர்கள் நிறுத்தி, தொப்பியைத் தூக்குகிறார்கள். "நம்ம பொண்ணு போறா" என்று பெருமை.

நானும் ஒதுங்கியிருக்கிறேன். சைக்கிளை வாய்க்காலில் இறக்கி நின்று உனக்குக் கையாட்டியிருக்கிறேன். நீ பார்க்கவில்லை.

அந்த முப்பத்தைந்து நிமிடம் உன் கார் ஓடிய நேரமல்ல. நாங்கள் உனக்குக் கொடுத்த நேரம். அதை எடுத்துக்கொண்டுபோய் எங்கள் வார்டையே மூடுகிறாய்.

மலாக்கியின் வண்டிக்கு யாரும் முன்கூட்டிப் போன் போடுவதில்லை. பள்ளத்தாக்கில் அவன் வயர்லெஸ் எடுப்பதுமில்லை. பின்னால் வலியில் ஒருத்தி படுத்திருக்கும்போது மேடு பள்ளத்தில் பறக்கவும் முடியாது.

ஹெஷனுக்கு ஒரு நாள் லீவு கொடு. நீயே ஓட்டிப் பார். அதற்குப் பிறகும் முப்பத்தைந்துதான் என்றால், லாவலுக்குக் கேள்வி எழுதுவதை நிறுத்திவிட்டு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

டிம்னா

*

அமைச்சர் அலுவலகம்
டப்ளின்
22 பிப்ரவரி 1988

அம்மையீர்,

15-ஆம் தேதியிட்ட தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது என்பதைத் தெரிவிக்குமாறு மாண்புமிகு அமைச்சர் எனக்கு ஆணையிட்டுள்ளார். அதில் கண்ட கருத்துகள் குறித்துக்கொள்ளப்பட்டன.

தங்கள் உண்மையுள்ள,
டெக்லன் மூர்ஹெட்
அமைச்சரின் தனிச் செயலர்

*

கில்வார்னா
25 பிப்ரவரி

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

என்னை "அம்மையீர்" ஆக்கியதற்கு நன்றி. உனக்கு அம்மை போட்டபோது உன் வீட்டு வாசலில் நின்று பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான். அதையும் டெக்லனைக் குறித்துக்கொள்ளச் சொல்.

சாம்பல் புதன் அன்று அவை கலையும் முன் நடந்த விவாதத்தில் நீ மறுபடியும் முப்பத்தைந்து என்று சொன்னதை வானொலியில் கேட்டேன். காலையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டாயா? பூசியிருப்பாய், நீ தவறவிடுகிறவள் இல்லை. மனம் திருந்தச் சொல்லிப் பூசுகிற அந்தச் சாம்பல் நெற்றியோடு அதைச் சொன்னாயே என்று நினைத்ததும் வானொலியை அணைத்துவிட்டேன்.

முதல் தடவை தெரியாமல் சொன்னாய். இரண்டாம் தடவை என் கடிதம் உன் மேசையில் இருந்தது.

என்னை மிரட்டிப் பார்க்காதே. வார்டின் வாசலில் ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்திருக்கிறோம். மார்ச் 31 அன்று பூட்டோடு யார் வந்தாலும் முதலில் என் முழங்காலைத் தாண்ட வேண்டும். அடுத்த முறை உன் துறையின் கேள்வி நாள் மார்ச் 8. லாவல் கேள்வி போட்டாகிவிட்டது. அவைவிதிப் புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்துவந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவனுக்கே அத்தனையும் புரிந்திருக்குமா என்று சந்தேகம்.

இனி உனக்கு எழுத மாட்டேன்.

செவிலி டிம்னா காலன்

*

என் அண்ணன் ஃபெர்கல் வீட்டிலிருந்து
5 மார்ச்

டிம்னா,

இதைக் கிழித்துப் போடாதே. படித்துவிட்டுக் கிழி.

அந்த ஒப்புகைக் கடிதம் டெக்லனின் யோசனை அல்ல. நான் சொல்லி எழுதவைத்தது. கையெழுத்துப் போடும்போது அவனுக்கே கூச்சமாக இருந்தது.

நேற்று வெள்ளிக்கிழமை. ஹெஷனை டப்ளினிலேயே விட்டுவிட்டு வந்தேன். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, ஃபெர்கலின் ஆட்டு வாடை வீசும் வேனை எடுத்தேன். கியர் போடுவதே பாதி மறந்துவிட்டது. நான்கு வருடமாக நான் எதையும் ஓட்டவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உன் வார்டு வாசலில் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பினேன். நீங்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை.

பால் லாரி ஒதுங்கவில்லை. ஆறு மைல் அதன் பின்னாலேயே ஊர்ந்தேன். பாலத்தில் ஒரு டிராக்டர்காரன் எனக்கு வழிவிடாமல் நின்று பைப்பைப் பற்றவைத்தான். டூமன் கேட் சாத்தியிருந்தது. ஹாரன் அடித்தேன். பக்கத்துக் காரில் இருந்தவர் கண்ணாடியை இறக்கி, "ஏம்மா, நீ ஊதுனா ரயில் பறந்து வந்துடுமா?" என்றார். நானா பதில் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்தேன் என்று நீ சிரிப்பாய்.

ரயில் போனதும் ஜோசி கேட்டைத் திறக்க வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டாள். அவள் ஓடிவந்து என்ன சொன்னாள் தெரியுமா? "ஐயோ, நீங்களா! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தொறந்தே வச்சிருப்பேனே!"

டிம்னா, அங்கேயே அழுதேன். அவமானத்தில் அழுதேன்.

எழுபத்தொரு நிமிடம். உன்னுடையதைவிட மூன்று அதிகம்.

உடனே பிரதமருக்குப் போன் செய்து, அவைக் குறிப்பைத் திருத்த வேண்டும் என்றேன். "பயண நேரம் சூழ்நிலையைப் பொறுத்து மாறும்னு ஒரு வரி எழுதித் தரச் சொல்றேன். கேட்டா அதை வாசி. ஆனா கேட்கவே மாட்டாங்க, லாவலுக்குப் பதினாலாம் இடம். அதுக்குள்ள மணி அடிச்சுடும்" என்றார். நான் இன்னும் பேசவும், "ஃபிடெல்மா, தாளில் இருக்கிறதை வாசிக்கிறவங்கதான் அமைச்சர்" என்று வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை என்ன செய்யப்போகிறேன் என்று இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். எழுதினால் அதுவும் வாக்குறுதி ஆகிவிடும், உனக்கு நான் கொடுத்த வாக்குறுதிகள் போதும். பார்வையாளர் மாடத்துக்கு ஒரு சீட்டு இதோடு வைத்திருக்கிறேன். வந்தால் வா.

உன்
ஃபிடெல்மா

*

கில்வார்னா
9 மார்ச்

அடியே ஃபிடெல்மா,

எழுத மாட்டேன் என்று சொன்னவள் எழுதுகிறேன். உன்னைத் தேடி அந்தப் படிக்கட்டில் ஒரு மணி நேரம் நின்றேன். "அமைச்சரம்மா பிரதமர் ரூம்ல இருக்காங்க" என்று டெக்லன் வந்து சொன்னான். அவன் கண் சிவந்திருந்தது. நல்ல பையன், அவனை மன்னித்துவிட்டேன். கடைசி ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பிவிட்டேன்.

மேலேயிருந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன். நீ கீழே நின்றதால் உன் முகத்தை நீயே பார்த்திருக்க மாட்டாய்.

அவைத் தலைவர் "கேள்வி எண் ஒன்று" என்றார். அது உன் கட்சிக்காரர் போட்ட கேள்வி. கில்வார்னாவில் கண் மருத்துவ முகாம் நடத்தியதற்கு அமைச்சரைப் பாராட்டலாமா என்று ஒரு சர்க்கரைக் கட்டி. நீ எழுந்து, "ஒண்ணு, பதினாலு, ரெண்டு கேள்விக்கும் சேர்த்தே பதில் சொல்றேன்" என்றாய். விதிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நானும் படித்தேன். ஒரே விஷயத்தைப் பற்றிய கேள்விகளை அமைச்சர் சேர்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அது கேள்விகளைச் சுருட்டி மூட அமைச்சர்கள் செய்கிற தந்திரம் என்றுதான் நினைத்தேன். பின்னால் கிடக்கும் கேள்வியை முன்னால் இழுத்துவரவும் அது உதவும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "கண் முகாமுக்கும் பிரசவ வார்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"ரெண்டும் கில்வார்னா ஆஸ்பத்திரி, தலைவர் அவர்களே. சேர்க்கிறது என் உரிமை."

உன் துறைச் செயலாளர் பின்னாலிருந்து ஒரு தாளை நீட்டினார். அதை வாங்கி, மடித்து, உட்காரும் இடத்தில் வைத்தாய். பிறகு நீ சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடமாக வைத்திருக்கிறேன்:

"பிப்ரவரி ரெண்டாம் தேதியும் பதினேழாம் தேதியும் முப்பத்தஞ்சு நிமிஷம்னு இந்த அவையில சொன்னேன். அது தப்பு. அதிகாரிங்க கொடுத்ததில்ல, நானே கொடுத்தது. எங்க ஊர் ஜனங்க என் காருக்கு வழிவிட்டு நின்ன நேரம் அது. அந்த ஜனங்களோட வண்டிக்கு யாரும் வழிவிடல. நானே ஓட்டிப் பார்த்தேன். எழுபத்தோரு நிமிஷம். தப்பான எண்ணை வச்சு எடுத்த முடிவும் தப்பு. குறிப்பைத் திருத்துங்க."

"உக்காரும்மா!" என்று உன் பக்கத்திலிருந்தே கத்தினார்கள். எதிர்ப்பக்கம் "ராஜினாமா! ராஜினாமா!" என்று மேசையைத் தட்டியது. நீ அந்தப் பக்கம் திரும்பி விரலை நீட்டினாயே! "நீங்க ஆண்டப்ப அந்தப் பாலத்தை அகலப்படுத்துனீங்களா? உங்க அமைச்சருக்கும் இதே ஜோசிதான் கேட்டைத் தொறந்து வச்சா. மேசையைத் தட்டாம கேளுங்க."

பாவம் லாவல். துணைக் கேள்வியாகக் கேட்க நான் எழுதிக் கொடுத்திருந்த நாலு வரியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தான். உன்னை உரித்துத் தொங்கவிடுகிற நாலு வரி. அதைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான், "கேட்க ஒண்ணுமில்ல, தலைவர் அவர்களே" என்று உட்கார்ந்துவிட்டான்.

நான் கைதட்டினேன். காவலர் ஓடிவந்தார். "அம்மா, மாடத்துல கைதட்டக் கூடாது." "தட்டலப்பா, குளிர்ல வெறச்சுப் போச்சு, தேய்க்கிறேன்." அப்படியும் வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். என் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக நான் எங்கிருந்தும் துரத்தப்பட்டதில்லை.

இன்று காலைச் செய்தியில் உன் பதவி போனது என்று சொன்னார்கள். வார்டு வாசலில் இருந்த எல்லாரும் எழுந்து நின்றோம்.

எழுது. எப்படி இருக்கிறாய்?

டிம்னா

*

டப்ளின்
21 மார்ச்

என் டிம்னா,

எப்படி இருக்கிறேன் என்றால், கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் இருக்கிறேன். தலைவருக்கு என் கை தெரிய வேண்டுமானால் எழுந்து நின்று ஆட்ட வேண்டும். ஆட்டுகிறேன்.

பிரதமர் கோபப்படவில்லை. "ஒரே ஒரு வரி வாசிச்சிருக்கலாம்" என்றார். "வாசிச்சிருந்தா இனிமே அந்தச் சாலையில நான் எப்படிப் போவேன்?" என்று கேட்டேன். அவர் கதவைக் காட்டினார். வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த நாற்காலி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதில் போய் உட்கார எத்தனை வருடமாயிற்று என்று உனக்குத் தெரியும். ஆனால் மறுபடியும் அதே செவ்வாய்க்கிழமை வந்தாலும் அதையேதான் செய்வேன். அவர்கள் முகத்துக்கு நேராகவும் அதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

கோரைச் சிலுவையைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். ஆணியை விட்டுவிட்டேன், அவர்களே அனுமதி வாங்கிப் பிடுங்கிக்கொள்ளட்டும்.

சென்ற சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். வேனில்தான். டூமன் கேட் சாத்தியிருந்தது. ஜோசி என்னைப் பார்த்தாள், தலையாட்டினாள், திறக்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "சபாஷ் ஜோசி" என்றேன்.

புதிய அமைச்சர் வார்டை மூடுவதை ஜூன் 30 வரை தள்ளிவைத்திருக்கிறார். மறு ஆய்வாம். மூடமாட்டேன் என்று சொல்லவில்லை, கவனித்தாயா? ஆகவே வாசலை விட்டு எழுந்துவிடாதே.

ஈஸ்டர் விடுமுறை முடிந்ததும் அவருடைய கேள்வி நாள். மறு ஆய்வில் பயண நேரம் எத்தனை நிமிடம் என்று என் பெயரில் ஒரு கேள்வி போட்டிருக்கிறேன். சொந்தக் கட்சி அமைச்சரையே கேட்கிறாயா என்று கொறடா கத்தினார், கத்திவிட்டுப் போகட்டும். குலுக்கலில் மூன்றாம் இடம் கிடைத்திருக்கிறது, நிச்சயம் நேரம் வரும். அவர் தாளைப் பார்த்து ஏதாவது வாசிப்பார். வாசித்து முடித்ததும் நான் ஒரே ஒரு துணைக் கேள்வி கேட்க வேண்டும். பத்து தடவை எழுதிப் பார்த்தேன், எல்லாம் அமைச்சர் எழுதியது மாதிரியே இருக்கிறது.

நீ எழுதிக் கொடு. காரம் உன் பொறுப்பு.

உன்
ஃபிடெல்மா

*

பிரசவ வார்டு வாசல்
கில்வார்னா
24 மார்ச் 1988

அம்மையீர்,

21-ஆம் தேதியிட்ட தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது என்பதைத் தெரிவிக்குமாறு செவிலி டிம்னா காலன் எனக்கு ஆணையிட்டுள்ளார். அதில் கண்ட கருத்துகள் குறித்துக்கொள்ளப்பட்டன. இரண்டு இடத்தில் அவர் அழுததும் குறித்துக்கொள்ளப்பட்டது.

தாங்கள் கேட்ட துணைக் கேள்வி கீழே. தாளைப் பார்த்து வாசிக்க வேண்டாம், அவர் கண்ணைப் பார்த்துக் கேட்கவும்:

"வண்டியை யார் ஓட்டினார்கள்?"

தங்கள் உண்மையுள்ள,
அசம்ப்டா ரோர்ட்டி
(மடியில் மகளோடு)